அற்ப பிரயோஜனமும் பிரயோஜனமே



இந்த மாதக் கட்டுரையை ஒரு பிழையை அறிக்கையிட்டே தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவந்த ஒரு சகோதரன் எங்கள் சபையில் இருந்தார். விடியற்காலை ரயிலைப் பிடித்தால், வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகும். போகவும் வரவும் ரயில் இருக்கை. பகல் முழுவதும் அலுவலக நாற்காலி. வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்திற்கு அவர் தவறியதேயில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதைக் கண்ட மருத்துவர், தினமும் அரைமணி நேரம் நடக்கும்படி சொன்னார். சகோதரன் என்னிடம் வந்து ஆலோசனை கேட்டார். நான் 1 தீமோத்தேயு 4:8-ஐத் திறந்து காட்டி, "அந்த அரைமணி நேரத்தையும் ஜெபத்திற்குக் கொடுங்கள்" என்றேன்.

2016-ஆம் ஆண்டில், தமது 46-ஆம் வயதில், அவர் மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்தபின் அவருடைய மனைவி என்னிடம், "ஐயா, நீங்கள் சொன்னால் அவருக்குக் கர்த்தர் சொன்னதுபோல" என்றார்கள். அந்தச் சகோதரி என்னைக் குற்றப்படுத்திச் சொல்லவில்லை. ஆயினும் அந்த வார்த்தை என்னைவிட்டு அகலவில்லை. நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மனுஷனாகிய நான் சொல்லக்கூடாது. நடக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையோ வேதம் எனக்குத் தரவில்லை.

சுவாசத்தை இழந்த பிதாக்கள்

தங்கவயலின் பிள்ளைகளாகிய நமக்குச் சுவாசத்தின் அருமையை ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையது. அந்த வெப்பத்தில் பாறையைத் துளைத்த நம் முன்னோரில் அநேகர், கல்தூசி நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் நோயால் மூச்சுத் திணறி மரித்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களும் உண்டு. பிதாக்கள் நுரையீரலை இழந்து உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாமோ நல்ல நுரையீரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்து நோயாளிகளாகிறோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுள்ளவர்கள் என்று கணக்கிட்டது. நம் சபைகளின் ஜெபக்குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை குறிப்புகள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பற்றியவை!

கடலோரத்தில் ஒரு காலை

2019-ஆம் ஆண்டில் ஊழியத்தின் நிமித்தம் சிங்கப்பூருக்குச் சென்றிருந்தேன். என்னைத் தங்கவைத்த குடும்பத்தின் மகன் தங்கவயலில் பிறந்தவர். ஒருநாள் அதிகாலையில், "ஐயா, என்னோடு கொஞ்சம் நடக்க வாருங்கள்" என்று அழைத்தார். தீவின் தென்கரையிலுள்ள லாப்ரடார் இயற்கை வனக்காப்பகத்திற்கு அழைத்துச் சென்றார். 2002-ஆம் ஆண்டில் சட்டத்தின்மூலம் பாதுகாக்கப்பட்ட இடம் அது. நிலத்திற்கு விலைசொல்ல முடியாத அந்த நகரத்தில், ஒரு கடற்பாறைச் சரிவையும் அதன் காட்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தவுடன் பாதை தொடங்கிவிடுகிறது. பெர்லேயர் ஓடையின் ஓரமாக, அலையாத்தி மரங்களினூடே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த வழி, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம் ஓடையையும் கடலையும் ஒட்டிச் செல்லுகிறது. வாலிபர்களும், வயது சென்றவர்களும், பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓட முடியாதவர்கள் நடந்தார்கள். பாதையை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் இளங்கன்றுகள் மிதிபடும், வேர்கள் சேதமடையும் என்று அந்தத் தம்பி விளக்கினார்.

பலகையின்கீழே சேற்றைப் பார்த்தேன். விரல்களைப்போல நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றில் காற்று இல்லாதபடியால், அந்த மரங்கள் சுவாசிப்பதற்காகவே வேர்களை வெளியே நீட்டுகின்றனவாம். தாவர நூலார் அவற்றுக்கு இட்ட பெயரில் 'நியூமா' என்னும் கிரேக்கச் சொல் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் ஆவியானவரைக் குறிக்கும் அதே சொல்! காற்று, சுவாசம், ஆவி ஆகிய மூன்றையும் அது குறிக்கும். ஆவியானவரைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், அவர் நம் நாசியில் ஊதிய சுவாசத்தை அசட்டை பண்ணலாமோ?

பின்வாசல் வழியாக வந்த சத்துரு

அந்தக் காப்பகத்தில் பழைய பிரிட்டிஷ் பீரங்கி மேடைகள் இன்னும் இருக்கின்றன. துறைமுகத்தைக் கடல்வழி வரும் கப்பல்களிலிருந்து காப்பதற்காக அமைக்கப்பட்டவை அவை. ஜப்பானியப் படையோ 1942 பிப்ரவரி 8 அன்று இரவு, வடக்கே ஜோகூர் நீரிணையைக் கடந்து வந்தது. பீரங்கிகள் பலவற்றைத் திருப்பிச் சுட்டும் பயனில்லை. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

பிரியமானவர்களே, நாமும் சில வாசல்களை நன்றாகவே காத்தோம். குடி, புகை, சினிமா ஆகியவற்றுக்கு எதிராகப் பிரசங்க மேடையில் பீரங்கிகளை நிறுத்தினோம். நல்லதே செய்தோம். ஆனால் நாற்காலியின் வழியாகவும், பின்னிரவு உணவின் வழியாகவும், தூக்கமின்மையின் வழியாகவும் சத்துரு வந்தபோது, அந்தப் பக்கத்தில் காவல் இல்லை.

பவுல் சொன்னது என்ன?

1 தீமோத்தேயு 4:8-ஐ மறுபடியும் நிதானித்து வாசியுங்கள். அப்போஸ்தலன் சரீர முயற்சியையும் தேவபக்தியையும் ஒப்பிடுகிறார். தேவபக்தி இம்மைக்கும் மறுமைக்கும் உதவும். சரீர முயற்சியின் பயன் அதற்கு முன் சிறியது. மூலபாஷையில் உள்ள சொல் 'கொஞ்சம்' என்றே பொருள்படும். கொஞ்சம் என்பது 'ஒன்றுமில்லை' என்பதல்லவே! 'அற்ப' என்ற சொல்லைக் கண்டு, 'பிரயோஜனம்' என்ற சொல்லை நான் வாசிக்காமல் விட்டேன்.

பவுலின் ஜீவியத்தையும் பாருங்கள். துரோவாவிலே அவர் விடியுமட்டும் பிரசங்கித்தார். ஐத்திகு ஜன்னலிலிருந்து விழுந்து உயிரடைந்த இரவு அது. நமது முழு இரவு ஜெபத்தைப் போன்ற அந்தக் கூட்டத்திற்குப்பின், உடன் ஊழியர் கப்பலேறினார்கள். பவுலோ ஆசோ பட்டணத்திற்குத் தரைவழியாய்த் தாமே போகத் தீர்மானித்தார் (அப்போஸ்தலர் 20:13). ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம்! காரணத்தை லூக்கா எழுதவில்லை. ஆனால் ஜெபவீரனாகிய பவுலுக்கு நடையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகையாயிருக்கவில்லை என்பது விளங்குகிறது.

நாம் செய்யவேண்டியது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாட்கள் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் போதும். நமக்கு லாப்ரடார் இல்லை என்று சொல்லாதிருங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்குக் கப்பன் பூங்காவும் லால்பாக்கும் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்குக் கடற்கரை உண்டு. தங்கவயலில் இருப்பவர்கள் விளையாட்டுத் திடல்களையும் ஊர்ச்சாலைகளையும் பயன்படுத்துங்கள். சயனைடு குன்றுகளுக்கு மாத்திரம் போகாதிருங்கள். அவை 3 கோடி டன்னுக்கும் அதிகமான சுரங்கக் கழிவு. காற்றடிக்கும்போது அந்தத் தூசியைச் சுவாசிப்பது நலமல்ல.

வியாதியுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். நடக்கையில் மார்பில் வலியோ திணறலோ வந்தால், ஜெபக்குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுத்திருக்க வேண்டாம். ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கணவன்மார்களே, மனைவி நடப்பதற்கென்று அரைமணி நேரம் சமையலறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியக்காரர்களே, மருத்துவர் சொன்ன நல்ல ஆலோசனையை வேதவசனத்தால் தடுக்காதிருங்கள். நம் வார்த்தையைக் கர்த்தருடைய வார்த்தையாய் ஏற்கிறவர்கள் நமக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சகோதரியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இன்றும் எங்கள் சபையில் இருக்கிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திடலைச் சுற்றி நடக்கிறோம். மூத்த மகன் ஓடுகிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். அன்று நான் அவனுடைய தகப்பனாரிடம் ஜெபத்திற்குக் கேட்ட அரைமணி நேரம் இதுவே.

நமக்கு நியமிக்கப்பட்ட ஓட்டத்தை முடிக்குமட்டும், ஜீவசுவாசத்தைத் தந்த கர்த்தர் உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.