உங்களுக்குத் தெரியுமா? கல்வாழை ஸ்பெஷல்!

திருவண்ணாமலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு செடி கண்ணில் படும். பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் நிற்கும். வாழையைச் சுருக்கி வைத்த மாதிரி இலை. உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூ. ஆமாம், நம்ம கல்வாழைதான்! அதைப் பற்றி நான் தேடிப் பிடித்த சங்கதிகளைக் கேளுங்கள். நாளைக்குக் காலையில் கொல்லைப்புறம் போகும்போது நின்று பார்க்காமல் நகர மாட்டீர்கள்!

கல்வாழைப் பூவில் பளிச்சென்று தெரிகிறதே, அது இதழே இல்லை! நம்ப முடியவில்லையா? ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் குச்சி மாதிரி, ஒடுக்கமாக, விறைப்பாக மூன்று இருக்கும். அவைதான் உண்மையான இதழ்கள். அவற்றை யாரும் கவனிப்பதே இல்லை! பட்டுத்துணி மாதிரி விரிந்து கிடப்பவை எல்லாம் மகரந்தத் தாள்கள். மகரந்தம் தருகிற வேலையை விட்டுவிட்டு, இதழ் வேஷம் கட்டிக்கொண்டவை!

அப்படியானால் மகரந்தம் எங்கே? இன்னும் உள்ளே தேடுங்கள். ஒரே ஒரு தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் பாதிதான்! மறுபாதி இதழாக மாறிவிட்டது. ஒரு பூ முழுவதற்கும் வேலை செய்கிற மகரந்தத் தாள் வெறும் அரை!

இந்தப் பூவைக் கத்தியால் எப்படி வெட்டினாலும் இரண்டு சம பாதி கிடைக்காது. செம்பருத்தியில் கிடைக்கும். சங்குப்பூவில்கூடக் கிடைக்கும். கல்வாழையில் கிடையவே கிடையாது!

பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே, மகரந்தம் முழுவதையும் சூல் தண்டின் மேல் அப்பி வைத்துவிடுகிறது கல்வாழை. காலையில் கதவு திறக்கும்போது கடையில் சரக்கு தயார்!

உலகத்துச் செடிகளுக்கு எல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், 1753-இல் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். பல ஆயிரம் செடிகள் உள்ள புத்தகம். அதன் முதல் பக்கத்தில், முதல் செடியாக இருப்பது எது தெரியுமா? ரோஜா இல்லை. தாமரை இல்லை. கல்வாழை! மகரந்தத் தாள்களை எண்ணித்தான் அவர் செடிகளை வரிசைப்படுத்தினார். ஒன்றில் ஆரம்பித்தார். மாட்டியது கல்வாழை!

அவர் வைத்த பெயர் கன்னா இண்டிகா. 'இண்டிகா' என்று இருக்கிறதே என்று காலரைத் தூக்கிவிடாதீர்கள். இதன் சொந்த ஊர் அமெரிக்கா! கொலம்பஸ் 'இந்தியா' என்று நினைத்துப் போய் இறங்கிய பக்கத்துச் செடி. கபிலரும் பரணரும் கல்வாழையைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை!

ஆனால் வந்தது நேற்றும் இல்லை. கேரளத்துச் செடிகளைப் படம் வரைந்து 12 தொகுதிகளாக டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை அச்சானது. அதிலேயே கல்வாழை படத்தோடு இருக்கிறது! மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நம் பக்கத்து மண்ணில் வேர் விட்டாயிற்று!

ஆங்கிலத்தில் 'கன்னா லில்லி' என்பார்கள். லில்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! இதன் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டு அடுக்களைக்குப் போங்கள். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், வாழை. எல்லாம் ஒரே வம்சம்! ரொம்ப நெருங்கிய சொந்தம், வயிற்றுக் கோளாறுக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறோமே, அந்த ஆரோரூட் கிழங்கின் குடும்பம்!

இப்போது விதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்!

பூ உதிர்ந்த இடத்தில் முள் முள்ளாக ஒரு காய் வரும். தொட்டால் குத்தாது, மெத்தென்று இருக்கும். காய்ந்து வெடித்தால் உள்ளே மிளகை விடப் பெரிசாக, கன்னங்கரேலென்று விதைகள். பல்லால் கடித்துப் பார்க்காதீர்கள், பல்தான் போகும்! தண்ணீரில் போட்டால் மிதக்காமல் நேராக அடிக்குப் போய் உட்காரும். ஆங்கிலேயர்கள் இந்தச் செடிக்கு வைத்த பெயரே 'இந்தியத் தோட்டா'!

இந்த விதை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? ஐந்து? பத்து? கேளுங்கள். அர்ஜென்டினாவின் வடமேற்கில் சாந்தா ரோசா தே தஸ்தில் என்று ஒரு பழைய ஊர். அங்கே ஒரு கல்லறையில் கிலுகிலுப்பை மாலை ஒன்று கிடைத்தது. வால்நட் கொட்டைகளைக் கோத்த மாலை. கொட்டைக்குள் கல்வாழை விதை! ஓட்டில் ஓட்டையும் இல்லை, ஒட்டும் இல்லை. பிறகு எப்படி உள்ளே போனது? கொட்டை மரத்தில் பிஞ்சாக இருந்தபோதே விதையை உள்ளே செருகி விட்டிருக்கிறார்கள். ஓடு முற்றி, விதையைச் சிறை பிடித்துவிட்டது!

அந்த விதையை முளைக்க வைத்தார்கள். முளைத்தது! கொட்டையின் ஓட்டைக் கார்பன் முறையில் சோதித்து 1971-இல் 'நேச்சர்' இதழில் வயதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 600 வருஷம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விதை விளைந்தது 14-ஆம் நூற்றாண்டு வாக்கில். ஹொய்சள மன்னர் வல்லாள மகாராஜா திருவண்ணாமலையில் இருந்து ஆண்ட நூற்றாண்டு அது! அருணகிரிநாதர் பிறக்கவில்லை. கிருஷ்ணதேவராயர் பிறக்கவில்லை. இன்று அண்ணாந்து பார்க்கிறோமே, 217 அடி ராஜகோபுரம், அதற்கு அஸ்திவாரமே போடவில்லை. அப்போது தூங்கப் போன விதை, 20-ஆம் நூற்றாண்டில் கண் விழித்துப் பச்சை இலை விட்டது!

நீங்களும் முளைக்க வைக்கலாம். விதையைச் சிமெண்டுத் தரையில் தேயுங்கள். கறுப்புத் தோல் போய் வெள்ளை எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், நிறுத்துங்கள்! ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு மண்ணில் ஊன்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சுருட்டிய பச்சைக் காகிதம் மாதிரி ஒரு முளை மேலே வரும். தேய்க்காமல் ஊன்றினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுதான் 600 வருஷம் காத்திருந்த ஜாதி ஆயிற்றே!

கல்வாழை விதை பாட்டுக் கச்சேரிக்கும் போகும்! நம் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன ரீயூனியன் தீவில் 'கயாம்ப்' என்று ஒரு வாத்தியம் உண்டு. தட்டையான பெட்டி. குலுக்கினால் கடலலை மாதிரி சலசலக்கும். உள்ளே குன்றிமணி போடுவார்கள், இல்லாவிட்டால் கல்வாழை விதை! ஜிம்பாப்வேயில் சுரைக்குடுக்கைக்குள் இதே விதையைப் போட்டுக் குலுக்குகிறார்கள். அதற்குப் பெயர் 'ஹோஷோ'!

கல்வாழையைச் சாப்பிடலாம் தெரியுமா? ஆண்டீஸ் மலைக்காரர்கள் இதன் கிழங்கை ஆயிரக்கணக்கான வருஷமாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே இதன் பெயர் 'அச்சிரா'. கொலம்பியாவில் அச்சிரா மாவில் மொறுமொறு பிஸ்கெட்! வியட்நாமில் கண்ணாடி மாதிரி மின்னுகிற சேமியா. அதுவும் கல்வாழைக் கிழங்கு மாவுதான்!

இந்த மாவின் துகள், செடி உலகத்து மாவுத் துகள்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும்! தண்ணீரில் கரைத்தால் விறுவிறுவென்று அடியில் படிந்துவிடும்.

ஆனால் உங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்துக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துவிடாதீர்கள்! அது அழுக்கைக் குடித்து வளர்ந்த கிழங்கு. அதற்கு வேறு வேலை இருக்கிறது. என்ன வேலை?

கழிவுநீர் சுத்திகரிப்பு! நம் பாட்டிமார் கழுநீர் போகிற இடத்தில் கல்வாழையையும் சேம்பையும் நட்டார்களே, அதைத்தான் இன்று பொறியாளர்கள் பெரிய பெரிய தொட்டி கட்டிச் செய்கிறார்கள். ஜல்லியில் கல்வாழையை நட்டு அழுக்குத் தண்ணீரை விடுகிறார்கள். தண்ணீரில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் நமக்கு அசுத்தம், கல்வாழைக்கு விருந்து! வேரைச் சுற்றி வாழ்கிற நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் பில் பூஜ்யம். பூ இலவசம்!

காட்டில் இயற்கையாக வளரும் கல்வாழை இனங்கள் எண்ணிப் பார்த்தால் ஒரு டஜன், கூடப் போனால் 20-க்குள். தோட்டத்துக்காக மனிதன் உண்டாக்கிய ரகங்களோ ஆயிரத்துக்கும் மேல்!

இந்தக் கலப்பு வேலையை ஆரம்பித்தவர் தியோடோர் அன்னே என்கிற பிரெஞ்சுக்காரர். வருஷம் 1848. பிறகு லியோன் நகரத்து குரோஸி வந்தார். தென் இத்தாலியில் நேப்பிள்ஸில் ஸ்ப்ரெங்கர் வந்தார். ஒருவர் பூவை இறுக்கமாக்கினார், இன்னொருவர் உள்ளங்கை அகலத்துக்கு விரித்துவிட்டார்!

முழங்கால் உயரத்தில் பூக்கிற குள்ள ரகம் உண்டு. வாழை இலை மாதிரி இலை விட்டு 10 அடிக்கு எகிறுகிற 'முசிஃபோலியா'வும் உண்டு. 'வயோமிங்' ரகத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1906-இல் வந்தது. செம்புப் பாத்திர நிறத்தில் இலை, ஆரஞ்சுப் பூ! 'டிராபிகல் ரோஸ்' விதை போட்டு மூன்று மாதத்தில் பூக்கும். 1992-இல் அமெரிக்காவில் பரிசு வாங்கியது!

'கிளியோபாட்ரா' என்று ஒரு ரகம். இதன் பூவை முதலில் பார்ப்பவர்கள் பெயிண்ட் அடித்திருக்கிறது என்பார்கள். ஒரே செடியில் ஒரு பூ மஞ்சள், ஒரு பூ சிவப்பு, ஒரு பூ பாதி மஞ்சள் பாதி சிவப்பு! இலையிலும் பச்சைக்கு நடுவே திடீரென்று செம்பட்டை. ஒரே உடம்பில் இரண்டு விதமான திசுக்கள் வாழ்கின்றன. இன்று எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று செடிக்கே தெரியாது!

பச்சை இலையில் மஞ்சள் வரி வரியாக ஓடும் ரகத்தை ஒரு கடையில் 'பெங்கால் டைகர்' என்பார்கள். அடுத்த கடையில் 'பிரிட்டோரியா'. மூன்றாவது கடையில் 'ஸ்ட்ரியாட்டா'. காசை மூன்று முறை கொடுத்துவிடாதீர்கள், மூன்றும் ஒரே செடி! சாயங்கால வெயிலுக்கு எதிரே வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் டியூப்லைட் மாதிரி எரியும்.

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், புள்ளி போட்டது, ஓரம் கட்டியது... எல்லாம் வந்துவிட்டது. நீலக் கல்வாழை மட்டும் இன்றுவரை யாருக்கும் வாய்க்கவில்லை!

தாமரைத் தொட்டியிலும் கல்வாழை வைக்கலாம். அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்தில் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் என்பவர் தண்ணீரில் நிற்பதற்கென்றே நான்கு ரகங்களை உண்டாக்கினார். எரெபஸ், ரா, எண்டெவர், டேனி. கிழங்கு தண்ணீருக்கு அடியில், பூ மேலே!

சில தோட்ட ரகங்கள் விதையே வைப்பதில்லை. ஏன்? சாதாரணக் கல்வாழைக்குக் குரோமோசோம் 18. இவற்றுக்கு 27! லக்னோ தாவரவியல் தோட்டத்தில் கோஷூவும் முகர்ஜியும் 1970-களில் இதை எண்ணி எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ரகத்தைப் பெருக்கக் கிழங்கு ஒன்றே வழி!

கிழங்கு நடுவது சுலபம். இரண்டு மூன்று முளைக்கணு இருக்கிற துண்டு போதும். நாலு விரல் ஆழம், ஒன்றரை அடி இடைவெளி, ஒரு கூடைத் தொழு உரம், நல்ல வெயில். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். பக்கத்தில் கன்று தயாராக நிற்கும். வாழையடி வாழை இங்கேயும் உண்டு!

ஐரோப்பாவில் பனி விழுந்தால் கல்வாழை கருகிப்போகும். பாவம், வருஷா வருஷம் கிழங்கைத் தோண்டியெடுத்து வீட்டுக்குள் பத்திரப்படுத்துகிறார்கள். திருவண்ணாமலையில்? கத்திரி வெயிலிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். வருஷத்தில் 12 மாதமும் பூ!

பெயரில் ஒரு சிக்கல். மலைப்பாறை இடுக்கில் முளைக்கும் காட்டு வாழை ஒன்றுக்கும் தமிழில் கல்வாழை என்றுதான் பெயர். நாட்டு மருந்துக் கடையில் சிறுநீரகக் கல்லுக்கென்று கல்வாழை விதை கேட்டால், அது அந்தச் செடி. இது வேறு, அது வேறு!

அமெரிக்காவில் கல்வாழைப் பூவுக்கு வருகிற விருந்தாளி ஹம்மிங் பறவை. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம் ஊரில் அந்தப் பறவை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பூ பட்டினி கிடக்கவில்லை! கிரிவலப் பாதையில் விடிந்ததும் போய், ஒரு கல்வாழைப் புதர் முன்னால் ஐந்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். கட்டைவிரல் அளவு தேன்சிட்டு ஒன்று வரும். அதற்கு அந்தரத்தில் அதிக நேரம் நிற்க வராது. பூத்தண்டைக் கால் விரலால் கவ்விக்கொள்ளும், உடம்பை ஒருக்களிக்கும், வளைந்த மூக்கைப் பூவுக்குள் விடும். மூக்கை எடுக்கும்போது நெற்றியில் மஞ்சளாக ஒரு தீற்றல். அது அந்த அரை மகரந்தத் தாள் நேற்று ராத்திரி மொட்டுக்குள் எடுத்து வைத்தது!