பதினேழு வயதுக்கு பாண்டு கிடையாது

கல்லூரிகள் திறக்கும் நாள் நெருங்கினாலே 'ரூட்டு தல' பற்றிய கடிதங்களும் வந்துவிடும். இம்முறை பெரும்பாலும் ஒரே கேள்வி: பையன் இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கல்லூரி திறப்பதற்குள் பாண்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது ஸ்டேஷன், கொடுக்கலாமா? ஒரு பஸ் ரூட்டில் போகும் மாணவர் கும்பலின் தலைவன்தான் ரூட்டு தல; பஸ்ஸுக்காக ஏன் வெட்டிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேராக பாண்டுக்கு வருவோம்.

பாண்டு என்பது என்ன?

குற்றத்தை முன்கூட்டியே தடுக்கும் ஏற்பாடு என்கிறது காவல் துறை. குற்றமே நிரூபிக்காமல் ஒருவரைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்றும் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 என்று பெயர் வாங்கிய பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, 129 ஆகியிருக்கின்றன. ஒருவர் அமைதியைக் குலைக்கக்கூடும் என்று தகவல் வந்தால், நிர்வாக நடுவர் நோட்டீஸ் கொடுத்து விசாரித்து, பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். 126 என்றால் ஓராண்டு வரை, 129 என்றால் மூன்றாண்டு வரை. பத்திரத்தை மீறியதாக முடிவானால், மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்க வேண்டியிருக்கும். 129 வழக்கமாகவே குற்றம் செய்பவர்களுக்கானது. பள்ளிச் சீருடையைக் கழற்றி மூன்று மாதம் ஆகாதவனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யாராவது விளக்கினால் நல்லது.

இதைவிட உறுத்துவது, அந்த நடுவர் யார் என்பது. சென்னையில் பல ஆண்டுகள் காவல் துணை ஆணையர்களே அந்த நாற்காலியில் இருந்தார்கள். புகார் சொல்வதும் காக்கி, தீர்ப்பு சொல்வதும் காக்கி. அதற்கு வழிவிட்ட 2013, 2014 அரசாணைகளை சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது.

பலன் உண்டா? 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதிய பிறகு, ரூட்டு வாரியாகப் பெயர்களைத் திரட்டி பாண்டு வாங்கினார்கள். அப்படியும் மோதல் நிற்கவில்லை: 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் தாக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் இறந்தே போனார்.

பதினெட்டு நிறையாதவனிடம் வாங்கலாமா?

கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் சந்தேகத்துக்கே இடமில்லை: பாண்டு பற்றிய அத்தியாயத்தின் கீழ் சிறார் மீது நடவடிக்கை தொடங்கவும் கூடாது, உத்தரவு போடவும் கூடாது. அந்தப் பிரிவில் இருப்பது பழைய நடைமுறைச் சட்டத்தின் பெயர்தானே என்று யாராவது மடக்கினால் அசர வேண்டாம். ஒரு சட்டத்தை நீக்கிப் புதிதாக இயற்றினால், பழைய பெயர் வரும் இடங்களில் புதியதையே படிக்க வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டம்.

"இனி வம்புக்குப் போக மாட்டேன்" என்று ஸ்டேஷனில் வெள்ளைத் தாளில் எழுதி வாங்குகிறார்களே, அது சட்டப்படி பாண்டே அல்ல. ஆனால் பையனின் பெயரும் படமும் அங்கே தங்கிவிடும்.

இளைஞர் நீதிச் சட்டத்திலேயே 83(2) என்று ஒன்று இருக்கிறது. சிறாரைத் தனியாகவோ கும்பலாகவோ சட்டவிரோத காரியங்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். பள்ளிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கத்தியைக் கொடுத்து வைக்கும் 'அண்ணன்'களுக்குப் பொருந்தக்கூடிய பிரிவு இதுதான். கையெழுத்து வாங்குவதில் உள்ள வேகத்தை இதில் காட்டலாம்.

வம்பு செய்யும் பையனைப் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பலாமா? எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தடுக்கிறது. அதற்கு மேல் வெளியே தள்ளினால், அண்ணன்களுக்கு முழுநேர ஆள் கிடைப்பான்.

பள்ளி மாணவர்களுக்கான காவல் துறையின் 'சிற்பி' திட்டம்? 2022 செப்டம்பரில் சென்னையின் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்பு மாணவர்களோடு தொடங்கியது. அடங்காத பையனும் அந்த ஐம்பதில் இருந்தால்தான் பயன்.

வயதுக்கு எது ஆதாரம்? பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் (இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 94).

யாரைக் கூப்பிடுவது? சிறார் உதவிக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100.

ஸ்டேஷனுக்குப் போகும்போது பையனைத் தனியே அனுப்பாதீர்கள். வயதுச் சான்றின் நகலோடு, பிரிவு 22-ஐக் குறிப்பிட்டு ஒரு மனுவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டு வாங்குங்கள்.