எட்டு வயதுக்கு மேல் எங்கே போனார்கள்?

கிழக்கு உகாண்டாவில் இகாங்கா, மயூகே மாவட்டங்களின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கு எடுத்தார்கள். மெக்கரேரே பல்கலைக்கழக மருத்துவர்களும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து 31,000-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பார்த்தார்கள். 2017-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவு வெளியானது: ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). அதைவிட உறுத்திய செய்தி ஒன்றும் அதில் இருந்தது. எட்டு வயதைத் தாண்டியவர்களில் இந்தப் பாதிப்பு உள்ளவர்கள் குறைவு. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் இன்னும் குறைவு. வயது ஏற ஏறக் குணமாகிவிடும் கோளாறல்ல இது. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

கண்டறிந்தவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது விடை கிடைத்தது. அதே பகுதியின் மற்ற பிள்ளைகளைவிட இவர்கள் இறக்கும் வாய்ப்பு 25 மடங்கு அதிகம். மலேரியா, ரத்தசோகை, பிற தொற்றுகள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வருபவைதான் காரணங்கள். மெலிந்துபோன உடம்பு தாங்கவில்லை.

பாதிப்பு வரும் வழியும் அங்கே வேறு. பணக்கார நாடுகளில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் குறைமாதத்தில் பிறந்தவர்கள் கணிசம். இகாங்காவில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மிகக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை பிழைப்பது அங்கே கடினம். நால்வரில் ஒருவருக்கு, பிறந்தபின் வந்த நோயால் மூளை பாதித்திருந்தது. காய்ச்சல், அதோடு வலிப்பு. மூளை மலேரியா செய்கிற வேலை அது. ஒரு கொசுவலை தடுத்திருக்கக்கூடியது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இந்தப் பிள்ளைகளின் வீட்டில் பெரிய வேலை சோறூட்டுவதுதான். கழுத்து நிற்காது. நாக்கு உணவை வெளியே தள்ளும். மடியிலோ பாயிலோ மல்லாக்கப் படுக்கவைத்து, நீர்க்கக் கரைத்த சோளக் கஞ்சியை வாயில் ஊற்றுகிறாள் தாய். புரையேறி நுரையீரலுக்குள் போகிறது. பிறகு சளி, காய்ச்சல், நிமோனியா. ஒரு வேளை ஊட்டவே வெகுநேரம் ஆகிறது. தோட்டத்தில் களை காத்திருக்கும், தண்ணீர் சுமக்க வேண்டும், கைக்குழந்தை அழும். மெல்ல மெல்ல வேளைகள் குறைகின்றன. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, மசித்த கெட்டி உணவைச் சிறு கரண்டியால் கொடுத்தால் நிலைமை எவ்வளவோ தேவலை. கற்றுக்கொள்வதும் கடினமில்லை. கற்றுத்தருபவர் நகரத்து மருத்துவமனையில் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். அங்கே போக 'போடா போடா' என்கிற வாடகை மோட்டார் சைக்கிளுக்குக் கூலி வேண்டும். வளர்ந்த பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எத்தனை முறை போவாள்?

நிமிர்ந்து உட்கார நாற்காலி வேண்டும். இறக்குமதிச் சாமான்தான் வேண்டும் என்பதில்லை. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்ற ஆசிரியர் 1970-களில் ஒரு முறையை உருவாக்கினார்: பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், மாவுப் பசை. அடுக்கி ஒட்டிக் காயவைத்து வார்னிஷ் பூசினால் பிள்ளையின் உடம்புக்கு அளவெடுத்த உறுதியான நாற்காலி தயார். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இன்றும் செய்கிறார்கள்.

மருந்தும் வேண்டும். உகாண்டாவின் அரசு மருத்துவமனைகளில் 2001-லேயே கட்டணம் ரத்தானது. ஆனால் வலிப்பைக் கட்டுப்படுத்தும் பினோபார்பிட்டல் இருப்பு இல்லாவிட்டால் தனியார் கடைதான் கதி. விலை மலிவுதான், ஆனால் கையில் அந்தப் பணமும் இல்லாத வாரங்களில் மாத்திரை நின்றுபோகிறது, வலிப்பு திரும்பிவிடுகிறது.

பல வீடுகளில் தந்தை விலகிப்போகிறார். தாயின் பக்கத்துச் சாபம், பில்லிசூனியம் என்று ஊர் பேசுகிறது. நம் ஊரில் இந்தப் பேச்சே இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

கிழக்கு உகாண்டாவிலேயே அக்வெண்டா என்ற திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். பெற்றோரைக் குழுவாகக் கூட்டினார்கள், பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளிலேயே பயிற்சி தந்தார்கள், உதவிச் சாதனங்கள் கொடுத்தார்கள், ஊராரிடமும் பேசினார்கள். சிகிச்சை ஊரைத் தேடி வந்தது. சரியான வழி அதுதான். ஆனால் ஆய்வுக்கு வரும் பணம் ஆய்வோடு தீர்ந்துவிடும். நாற்காலிக்கும், தட்டுப்பாடில்லாத வலிப்பு மாத்திரைக்கும், ஊர் ஊராக வரும் பயிற்சியாளருக்கும் மாவட்டச் சுகாதார பட்ஜெட்டில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டியது அரசின் கடமை.