வழிகாட்டிக்குப் பாரம்பரியம், மாநகராட்சிக்கு ஆக்கிரமிப்பு

புது தில்லி: தலைநகரில் குளிர் தொடங்கிவிட்டால் பழைய தில்லியின் சந்துகளில் ஒரு புதுவகைக் கூட்டத்தைக் காணலாம். பத்துப் பதினைந்து பேர் இருப்பர். முன்னால் ஒரு வழிகாட்டி நடப்பார். அவர் நிற்கும் இடத்தில் எல்லோரும் நிற்பர். அவர் கை காட்டும் மாடத்தைப் புகைப்படம் எடுப்பர். அவர் வாங்கித் தரும் தின்பண்டத்தைச் சுவைப்பர். உணவு, வரலாறு, கலை மூன்றையும் ஒரே நடையில் காட்டும் இத்தகைய சுற்றுலாக்களைக் கலாசாரப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் நடத்துகிறது. தனியார் நிறுவனங்களும் நடத்துகின்றன. கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை. வெளிநாட்டினருக்கு மட்டுமே உரியதாக ஒரு காலத்தில் இருந்த இந்த நடைகளில் இப்போது தில்லிவாசிகளே பெருமளவில் சேருகின்றனர்.

பார்க்க வேண்டியவற்றுக்குப் பஞ்சமில்லை. ஷாஜஹான் 1639-ல் அடித்தளமிட்ட ஷாஜஹானாபாத் நகரின் நடுவே, அவரது மகள் ஜஹானாரா வடிவமைத்த கடைவீதிதான் சாந்தினி சௌக். செங்கோட்டையின் எதிர்ப்புறத்திலிருந்து பதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம். இந்தக் குறுகிய தூரத்துக்குள் ஜைனர்களின் செந்நிறக் கோயில், கௌரிசங்கர் கோயில், குரு தேக் பகதூர் 1675-ல் சிரச்சேதம் செய்யப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, 1739-ல் நாதிர் ஷா அமர்ந்து நகரைச் சூறையாட உத்தரவிட்ட சுனஹ்ரி மசூதி ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு பல்லிமாரானில் இருக்கிறது. தரீபா சந்தின் முனையில் 1884 முதல் ஜிலேபி சுடப்படுகிறது. பராட்டாவுக்கென்றே ஒரு சந்து உண்டு. ஜாமா மசூதியின் அருகே 1913-ல் தொடங்கிய கரீம் உணவகம் இன்றும் நடக்கிறது.

ஆனால், இவற்றில் பெரும்பாலானவை தெரு உணவு அல்ல. தெருவைப் பார்த்த கடைகள். சுவர் உண்டு, கூரை உண்டு, மாநகராட்சி உரிமம் உண்டு. உண்மையில் தெருவில் நின்று விற்பவர் வேறொருவர். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு எலுமிச்சை பிழிந்து தருபவர், கூடையில் கடலை விற்பவர், தள்ளுவண்டியில் சோலே குல்ச்சா விற்பவர் ஆகியோரே அவர்கள். சுற்றுலாவின் சிறந்த தருணங்களைத் தருபவர்களும் அவர்களே. சட்டத்தின் முன் காலூன்ற இடமில்லாதவர்களும் அவர்களே.

'தௌலத் கி சாட்' என்ற பண்டத்தை எடுத்துக்கொள்வோம். பெயரில் சாட் இருந்தாலும் அதில் புளிப்போ காரமோ கிடையாது. பாலையும் பாலாடையையும் கலந்து நெடுநேரம் கடைந்து, மேலே திரளும் நுரையை மட்டும் வழித்தெடுத்துப் பரந்த தட்டில் சேர்ப்பர். குளிர்கால இரவின் குளிர்ச்சியில்தான் அந்த நுரை நிற்கும். காலையில் குங்குமப்பூ கரைத்த பாலும், கோவாவும், பொடித்த சர்க்கரையும், பிஸ்தாவும் தூவி, வலைத்துணியால் மூடித் தெருவுக்குக் கொண்டு வருவர். வாயில் வைத்த கணத்தில் கரைந்துவிடும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும். ஆதலால் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வியாபாரம். அதுவும் பகலின் சில மணி நேரங்களே. லக்னோவிலும் இதே பண்டம் வேறு பெயரில் உண்டு. கினாரி பஜாரிலும் அதையொட்டிய சந்துகளிலும் இதை விற்பவர்களிடம் ஒவ்வொரு சுற்றுலாக் குழுவும் நின்றே தீரும். தில்லியின் மிகப் பழைய சுவைகளில் ஒன்று என்று வழிகாட்டி அறிமுகப்படுத்துவார். மாநகராட்சிப் பதிவேட்டிலோ அந்த வியாபாரி நடைபாதையை மறித்து நிற்பவர்.

சாந்தினி சௌக்கின் முரண் இன்னும் கூர்மையானது. 2018 டிசம்பரில் தொடங்கிய சீரமைப்புப் பணி முடிந்து, 2021 செப்டம்பரில் அந்தச் சாலை புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சிவப்புக் கல் பாவிய அகன்ற நடைபாதை அமைந்தது. நடப்பவருக்காகவே ஒரு வீதி என்பது இந்திய நகரங்களில் அரிது. ஆனால் அதே வீதி, சாலையோர வியாபாரம் தடை செய்யப்பட்ட மண்டலமும் ஆகும். வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், அனுமதியற்ற வியாபாரிகள் மீண்டும் வந்து அமராமல் பார்த்துக்கொள்ளும்படி மாநகராட்சிக்கும் காவல் துறைக்கும் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகள் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டதையும், பின்னர் 2019-ல் அந்தச் சாலை நடைபாதை வளாகமாக மாறியதையும் கண்டவர்களுக்கு இக்கதை புதிதாக இராது.

கடைக்காரர்களின் மனக்குறை பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. வாடகையும் வரியும் செலுத்துபவரின் கடைவாசலை மறைத்து, அதே பொருளை ஒருவர் பாதி விலைக்கு விற்றால் அவர் நீதிமன்றம் செல்லத்தான் செய்வார். குறுகிய சந்தில் தீ விபத்து நேர்ந்தால் வண்டி நுழைய வழி வேண்டும் என்பதும் நியாயமே. இரு தரப்புக்கும் இடையே விதி வகுக்கத்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

சட்டம் சொல்வது என்ன?

சாலையோர வியாபாரம், அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு அளிக்கும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1989-ல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமை என்பதையும் அது சேர்த்தே சொன்னது. அதன் பின்னும் இருபது ஆண்டுகள் சட்டம் வரவில்லை. காமன்வெல்த் போட்டிக்குத் தலைநகர் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், 2007-ல், தெருவில் சமைத்து விற்பதையே நிறுத்த தில்லி மாநகராட்சி முற்பட்டது. 2010 அக்டோபரில் கேந்தா ராம் வழக்கில் பொறுமையிழந்த உச்ச நீதிமன்றம், 2011 ஜூன் 30-ஆம் தேதிக்குள் சட்டம் இயற்றுமாறு கெடு விதித்தது.

கெடு கடந்து, 2012 செப்டம்பரில்தான் மசோதா மக்களவையில் அறிமுகமானது. ஓராண்டு கழித்து அங்கு நிறைவேறியது. மாநிலங்களவையில் 2014 பிப்ரவரி 19-ல் நிறைவேறியது. தெலங்கானா மசோதாவையொட்டி இரு அவைகளும் கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம் அது. மிளகுப்பொடித் தெளிப்பும் மைக் உடைப்பும் நாட்டின் கவனத்தை ஈர்த்திருந்த வேளையில், கோடிக்கணக்கான எளிய வியாபாரிகளுக்கான சட்டம் சந்தடியின்றி வந்து சேர்ந்தது. செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் அதற்கு இடம் கிடைக்காததில் வியப்பில்லை.

வாசித்துப் பார்த்தால் அது வலுவான சட்டம். ஒவ்வொரு நகரிலும் கணக்கெடுப்பு நடத்த வேண்டும்; அது முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். இடமாற்றத்துக்கு 30 நாள் அறிவிப்பு தேவை. பறிமுதல் செய்த பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள்ளும், அழுகக்கூடிய பொருளை, உரியவர் கோரிய அன்றைய தினமே திருப்பித் தர வேண்டும். தௌலத் கி சாட் விற்பவருக்கு இந்தக் கடைசி விதியால் என்ன பயன் என்று கேட்கலாம். மாலையில் தட்டு திரும்பி வரும்போது அதில் மிஞ்சியிருப்பது பால்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமான வரி, சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக சாலையோர வியாபாரிகள் தொழில் செய்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ளோரை இடமாற்றம் செய்யக் கூடாது என்றும் அது கூறுகிறது. சுற்றுலா வழிகாட்டிகள் நாள்தோறும் உச்சரிக்கும் அதே சொல்தான் இது. வழிகாட்டி வாயால் சொல்லும்போது அது விளம்பரம். அரசிதழில் வந்தால் உரிமை.

அந்த வரி சோதனைக்கு உள்ளானதை தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை புத்தகச் சந்தையில் காணலாம். 1960-களில் தொடங்கியதாகக் கூறப்படும் இச்சந்தையில், பழைய பாடநூல் முதல் அரிய பதிப்பு வரை நடைபாதையில் பரப்பிக் கிடக்கும். மாணவர்கள் எடைபோட்டு வாங்கிச் செல்வர். தில்லி பண்பாட்டு நடை எதுவானாலும் ஞாயிறன்று அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் அந்த நடைபாதை காலி செய்யப்பட்டது. வியாபாரிகள் போராடினர். செப்டம்பரில், அருகே ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் என்ற சுற்றுச்சுவர் கொண்ட வளாகம் ஒதுக்கப்பட்டது. சந்தை பிழைத்தது. நெரிசலும் வெயிலும் குறைந்தன என்று மகிழ்பவர்களும் உண்டு. ஆனால் வழிப்போக்கர் ஒருவர் தற்செயலாகக் குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் நடைபாதைச் சந்தை போய்விட்டது.

கலைஞரா, பிச்சைக்காரரா?

உணவு விற்பவரின் நிலை இதுவெனில், தெருவில் கலை நிகழ்த்துபவரின் நிலை இன்னும் விசித்திரமானது. மேற்கு தில்லியின் ஷாதிப்பூர் பணிமனை அருகே கட்புத்லி காலனி என்ற குடியிருப்பு இருந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள், மாயவித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள் பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தனர். இந்திய விழாவையொட்டி 1985-ல் வாஷிங்டன் சென்று நிகழ்ச்சி நடத்தியவர்களில் இக்காலனிக் கலைஞர்களும் இருந்தனர். அயல்நாட்டில் இந்தியப் பண்பாட்டின் தூதர்கள். தாயகம் திரும்பித் தெருவில் அதே வித்தையைக் காட்டினால் குற்றவாளிகள். தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த 1959-ஆம் ஆண்டு பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது, பொருள் விற்பதுபோல் நீட்டுவது ஆகியவற்றைச் சாக்காகக் கொண்டு காசு கேட்பதையும் பிச்சை என்றே வரையறுத்திருந்தது. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை இல்லத்தில் அடைக்கலாம். இந்தப் பிரிவுகளை தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ரத்து செய்தது.

கட்புத்லி காலனிக்கு அத்தீர்ப்பு தாமதமாகவே வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டத்துக்காக, 2017 அக்டோபர் இறுதியில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் புல்டோசர்கள் அங்கு நுழைந்துவிட்டன. குடும்பங்கள் பல, ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குச் சென்றன.

இதே நகரத்தில் அரசின் முழு ஆசியுடன் தழைத்த தெருக்கலையும் உண்டு. 1940-களில் கட்டப்பட்ட லோதி காலனி அரசு ஊழியர் குடியிருப்புச் சுவர்களில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் ஏற்பாட்டில் 2015 இறுதி முதல் இந்திய, வெளிநாட்டு ஓவியர்கள் பெருஞ்சித்திரங்களைத் தீட்டினர். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவர்கள். அழகானவை, கட்டணமின்றி எவரும் பார்க்கலாம். சுவருக்கு அனுமதி பெறுவது, நடைபாதையில் நான்கு அடி இடம் பெறுவதைவிட எளிதாக இருந்திருக்கிறது.

பஹாட்கஞ்ச் பகுதியில் நடைபெறும் சுற்றுலா இவற்றிலிருந்து வேறுபட்டது. மீரா நாயரின் 'சலாம் பாம்பே' திரைப்பட வருவாயைக் கொண்டு 1988-ல் உருவான சலாம் பாலக் அறக்கட்டளை, தெருவில் வளர்ந்த முன்னாள் சிறார்களையே வழிகாட்டிகளாக்கியிருக்கிறது. ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சிறுவன் எங்கே உறங்குவான், எங்கே உண்பான், யாருக்கு அஞ்சுவான் என்பதை வாழ்ந்தவரே சொல்கிறார். தெருவோரம் என்பது வேடிக்கைப் பொருளன்று, பிழைப்பிடம் என்பதை இந்த நடை மறைப்பதில்லை.

அந்த ரயில் நிலையத்தின் அருகேதான், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதியன்று தில்லியில் புதிய சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு பதிவானது. நடை மேம்பாலத்தின் கீழ் வண்டி வைத்துத் தண்ணீரும் புகையிலைப் பொருள்களும் விற்றுப் பாதையை மறித்ததாக ஒரு வியாபாரி மீது 285-ஆவது பிரிவு பாய்ந்தது. நாடு முழுவதும் பேச்சானதும், காவல் துறை மறுபரிசீலித்து அவ்வழக்கைக் கைவிட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா அன்றே விளக்கமளித்தார். வழக்கு போனாலும் பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆவது பிரிவில் இக்குற்றத்துக்கு அபராதம் 200 ரூபாய் வரை. புதிய சட்டத்தில் அது 5,000 ரூபாய் வரை. கொரோனா பொதுமுடக்கத்தில் முடங்கிய சாலையோர வியாபாரிகளுக்கென மத்திய அரசு 2020-ல் அறிவித்த ஸ்வநிதி திட்டத்தின் முதல் கடனில், அறிவித்தபோது இருந்த அளவின்படி, சரிபாதி.