ஓர் அணை, ஒரு தாள், மூன்று தோற்றங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏலத்தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் ஆனைக்கரை. தமிழ்நாட்டு எல்லை அதற்கு அருகிலேயே உள்ளது. அதே மாவட்டத்தில், குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே, பெரியாற்றைத் தடுத்து நிற்கிறது இடுக்கி அணை. கொலும்பன் என்னும் பழங்குடித் தலைவர் இம்மலையிடுக்கை டபிள்யூ. ஜே. ஜான் என்பவருக்குக் காட்டினார். பிற்காலத்தில், கனடா நாட்டின் உதவியுடன் அங்கே அணை எழுந்தது. இந்த நீர்மின் திட்டம் 1976 பிப்ரவரி 12ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

அணையின் உயரம் 168.91 மீட்டர். எதிரே நின்று நிழற்படம் எடுத்தால், இரு மலைகளுக்கிடையே எழுப்பிய சுவர் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு வில். நீர் தேங்கும் பக்கமாகப் புடைத்து, தன்மேல் விழும் அழுத்தத்தை இரு மலைகளின்மீதும் செலுத்துகிறது. மேலிருந்து கீழாகவும் வளைந்திருப்பதால் இதனை இரட்டை வளைவு அணை என்பர். இத்தகைய உருவத்தை ஒரே படத்தில் முழுமையாகக் காட்ட இயலாது.

ஆகவே பொறியாளர்கள் பல தோற்றங்களை வரைகின்றனர். முன்தோற்றம் உயரத்தைச் சொல்லும், வளைவை மறைத்துவிடும். அணை உச்சியின் நீளம் 365.85 மீட்டர். இது வளைவின் வழியே அளந்த நீளம். முன்தோற்றத்தில் அது குறுகியே தெரியும். மேல்தோற்றத்தில்தான் வில்லின் வடிவம் வெளிப்படும். உச்சியில் 7.62 மீட்டரும் அடியில் 19.81 மீட்டருமான தடிமனைக் காட்ட, அணையைக் குறுக்கே வெட்டினாற்போன்ற வெட்டுத்தோற்றம் வேண்டும்.

இவ்வணை கட்டப்பட்ட காலத்தில் பொறியியல் படங்கள் வரைபலகைமேல் கையால் வரையப்பட்டன. பரவலாக அறியப்பட்ட ஆட்டோகேட் மென்பொருள் 1982இல்தான் வெளிவந்தது. இன்று கணினியில் வரைபவர் அணையைச் சுருக்கி வரைவதில்லை. உண்மை அளவிலேயே உருவாக்குகிறார். சுருக்கம் என்பது தாளுக்கு மட்டுமே உரியது. மென்பொருளில் தாளுக்கெனத் தனிப்பக்கம் உண்டு. அதில் சாளரங்கள் திறக்கப்படும். ஒவ்வொரு சாளரமும் அதே அணையை ஒரு திசையிலிருந்து, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் காட்டும்.

முதலில் தாளின் அளவு முடிவு செய்யப்படும். ஏ3 தாள் 420 மில்லிமீட்டர் நீளமும் 297 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கோப்பில் சேர்ப்பதற்காக இடப்புறம் 20 மில்லிமீட்டரும் மற்றப் பக்கங்களில் 10 மில்லிமீட்டரும் விட்டால், 390க்கு 277 எஞ்சும். இதில் 1:1000 விகிதத்தில் முன்தோற்றத்தை வைத்தால் அதன் உயரமே 169 மில்லிமீட்டர் ஆகும். கீழே மேல்தோற்றத்திற்கும் தலைப்புக் கட்டத்திற்கும் இடம் போதாது. 1:2000 என்றால் உயரம் ஏறத்தாழ 84 மில்லிமீட்டர். இரண்டும் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். ஆனால் அந்த விகிதத்தில் உச்சியின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் வெட்டுத்தோற்றத்தை மட்டும் 1:1000 விகிதத்தில் வலப்புறம் வைத்து, அதன் விகிதத்தை அடியிலேயே எழுதுவது நல்லது. வலக் கீழ்மூலை தலைப்புக் கட்டத்திற்கு உரியது. படத்தின் பெயர், எண், விகிதம், நாள், வரைந்தவர், சரிபார்த்தவர் ஆகிய விவரங்கள் அங்கே இடம்பெறும். பலர் கடைசியில் அவசரமாக நிரப்பும் பகுதியும் இதுவே.

தலைப்புக் கட்டத்தில் சிறிய கூம்புத்துண்டுக் குறி ஒன்றும் இருக்கும். தோற்றங்கள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை அது தெரிவிக்கும். இந்தியாவில் வழங்கும் முதற்கோண முறையில், மேலிருந்து பார்த்த தோற்றம் முன்தோற்றத்திற்குக் கீழே வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் மூன்றாம்கோண முறையில் அது மேலே வரும். கீழே வருவது அடியிலிருந்து பார்த்த தோற்றம். குறியைக் கவனியாமல் ஒரு முறையில் வரைந்ததை மற்றொரு முறையில் படித்தால், மேல்தோற்றம் அடித்தோற்றமாகக் கொள்ளப்படும். முன்னும் பின்னும் இடம் மாறும். நீரை எதிர்த்துப் புடைக்க வேண்டிய வில், நீர் தள்ளும் திசையிலேயே புடைத்து நிற்கும். அவ்வாறு கட்டினால் அழுத்தம் மலைகளுக்குச் செல்லாது. கான்கிரீட்டை இழுத்துப் பிளக்கும்.

விகிதத்தை அமைத்தபின் சாளரத்தைப் பூட்டிவிடுவது வழக்கம். இல்லையெனில் சுட்டியின் சக்கரம் சற்றே உருண்டாலும் விகிதம் மாறிவிடும். தலைப்புக் கட்டமோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

அச்சிடும்போதும் கவனம் வேண்டும். தாளுக்கு ஏற்பச் சுருக்கு என்னும் தேர்வுடன் ஏ3 படத்தை ஏ4 தாளில் அச்சிட்டால், கோடுகள் அனைத்தும் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகும். அதன்மேல் அளவுகோலை வைத்து 1:2000 எனக் கணக்கிடுபவருக்கு அணையின் உயரம் 119 மீட்டர் என்றே கிடைக்கும். ஏறத்தாழ ஐம்பது மீட்டர் காணாமற்போகும். இதனால்தான் முக்கிய அளவுகள் எண்ணாலும் எழுதப்படுகின்றன. தாளின் ஓரத்தில் மீட்டர்ப் பிரிவுகள் கொண்ட அளவுப்பட்டை ஒன்றும் வரையப்படுகிறது. தாள் சுருங்கினால் பட்டையும் உடன் சுருங்கும்.