பரோடாவுக்குப் போன தஞ்சாவூர் மருமகள்

பரோடா அரச வரலாற்றில் சிம்னாபாய் என்ற பெயரில் இரண்டு மகாராணிகள் உண்டு. இருவருக்கும் கணவர் ஒருவரே. அவர்தான் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். 1913-இல் அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய மகாராஜா என்று சொன்னால் தாராவி அன்பர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு சிம்னாபாய்களில் பெரும் புகழ் பெற்றவர் இரண்டாமவர். 1927-இல் புனாவில் கூடிய முதல் அகில இந்திய மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். முதலாமவர் தஞ்சாவூர்ப் பெண். இந்த இருவரையும் ஒருவராக்கி, 'மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய தஞ்சைத் திருமகள்' என்று பெருமை பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். நம்ம ஊர்ப் பெண் என்ற ஆசையில் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது உண்மையில் நம்ம ஊரிலிருந்து போன பெண் காணாமலே போய்விடுகிறார். அவர் பிறந்த பெயர் இலட்சுமிபாய். அவருடைய இல்லற வாழ்க்கை ஐந்து வருஷமும் நான்கு மாதமும்தான்.

முதலில் அவர் பிறந்த இடத்தைப் பார்ப்போம். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676 வாக்கில் ஏகோஜியால் தொடங்கியது. ஏகோஜி, சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு இன்னொரு மனைவி துக்காபாய் வயிற்றில் பிறந்தவர். துக்காபாய் மோகிதே குடும்பத்துப் பெண். நம் இலட்சுமிபாயும் மோகிதே குடும்பம்தான். ஆக, தஞ்சை மராட்டிய வம்சத்தின் தொடக்கத்திலும் ஒரு மோகிதே பெண் இருக்கிறார். அது அணைந்த பிறகு அங்கிருந்து வடக்கே போனவரும் ஒரு மோகிதே பெண்.

அணைந்தது 1855-இல். சரபோஜியின் மகன் சிவாஜி அந்த வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினியார் ராஜ்யம் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள், அரண்மனைச் சொத்தையும் முத்திரை வைத்துக் கைப்பற்றினார்கள். மூத்த ராணி காமாட்சிபாய் சாகேபா சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். லண்டன் பிரிவி கவுன்சிலில் 1859-இல் தோற்றார். அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். பிறகு 1862-இல் சொந்தச் சொத்துகள் ஒரு தயவாக ராணிகளுக்குத் திருப்பித் தரப்பட்டன. இலட்சுமிபாய் பிறந்தது 1864-இல். அதாவது, அரண்மனை உண்டு, சரசுவதி மகால் உண்டு, சங்கீதம் உண்டு, ராஜ்யம் மட்டும் இல்லை என்ற நிலையில் பிறந்த குழந்தை.

அவர் தமிழரா மராட்டியரா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். நான் தமிழ்ச் சமணன். கடைக்கு வரும் குஜராத்தி வியாபாரிகள் நாற்பது வருஷமாக என்னைக் கேட்கிறார்கள், 'நீங்க மதராசி, அப்புறம் எப்படி ஜெயின்?' என்று. இரண்டும்தான் என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தி வராது. தஞ்சை மராட்டியர் இருநூறு வருஷம் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். அவர்கள் பேசும் மராட்டியைத் தாதரில் பேசினால் பாதி புரியும், மீதிக்குச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் இரண்டும்தான்.

இனி மாப்பிள்ளை வீடு. பரோடாவில் மல்ஹர்ராவ் கெய்க்வாட் 1875-இல் பதவியிறக்கப்பட்டார். ரெசிடென்ட் பெய்ரேக்கு விஷம் வைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் பெரிய விசாரணையே நடந்தது. அதற்கு முன் ஆண்ட கண்டேராவின் விதவை ஜம்னாபாய், ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. நாசிக் பக்கம் கவ்லானா என்ற கிராமத்தில் கெய்க்வாட் வம்சத்தின் தூரத்துக் கிளை ஒன்று விவசாயம் செய்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த கோபால்ராவ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன்தான் 1875 மே 27-ஆம் தேதி சாயாஜிராவ் ஆனான். எழுதப் படிக்கத் தெரியாத பையன். எலியட் என்ற ஆங்கிலேயர் அவனுக்கு ஆசிரியரானார். ராஜ்யத்தை நடத்த திவானாக வந்தவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் 1828-இல் பிறந்த தஞ்சை மராட்டியப் பிராமணர், திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பேரெடுத்தவர்.

பரோடாவுக்குத் தஞ்சாவூரில் எப்படிப் பெண் கிடைத்தது என்பதற்கு இதுவே பாதி விடை என்று நான் நினைக்கிறேன். மராட்டிய அரசர்கள் குலம் கோத்திரம் பார்த்து, நல்ல சர்தார் குடும்பத்தில்தான் பெண் எடுப்பார்கள். சுவீகாரப் பையன், கிராமத்திலிருந்து வந்தவன் என்று நாலு பேர் பேசும் இடத்தில், போன்ஸ்லே அரண்மனையோடு உறவுள்ள ஒரு பெண் வந்தால் அந்தப் பேச்சு அடங்கும். தஞ்சாவூர்க்காரர்களுக்கோ போன ராஜ்யத்துக்குப் பதிலாக, இருக்கிற ராஜ்யத்தில் ஒரு சம்பந்தம். இரண்டு பக்கமும் கணக்குத் தெரிந்தவர்கள். நடுவில் கும்பகோணத்துத் திவான்.

கலியாணம் 1880 ஜனவரி 6-ஆம் தேதி. மாப்பிள்ளைக்குப் பதினேழு முடியவில்லை, பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே வயது. அப்போதே தஞ்சாவூரிலிருந்து பரோடா வரை ரயில் பாதை இருந்தது. திருச்சி, ஈரோடு, ஜோலார்பேட்டை, அரக்கோணம், ராய்ச்சூர், பம்பாய் என்று வண்டி மாறி மாறிப் போக வேண்டும். ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் சேர்ந்து அப்போது ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. நம்மில் பலருடைய பாட்டன்மார் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் வந்து சேர்ந்ததும் அந்தப் பாதையில்தான்.

மராட்டியக் கலியாணத்தில் ஒரு சடங்கு உண்டு. செம்பூரில் அக்கம்பக்கத்து வீடுகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் அதில் பெண்ணின் புதுப்பெயரை எழுதுவார். பிறந்த வீட்டுப் பெயர் அதோடு சரி. அரண்மனையிலும் பெயர் மாற்றும் வழக்கம் இருந்தது. இலட்சுமிபாய் சிம்னாபாய் ஆனார்.

அவரோடு சீராக வந்தவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடும் பெண்கள் இருவர், கௌரா, காந்திமதி என்று பெயர். அவர்களோடு நட்டுவனார், மிருதங்கம் முதலான பக்கவாத்தியக்காரர்கள். பாத்திரம் பண்டம்போல மனுஷர்களையும் சீர்வரிசையில் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. இவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது? மாப்பிள்ளை இன்னும் பாடம் படிக்கும் மாணவன். கலியாணமாகி ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 1881 டிசம்பர் 28-ஆம் தேதிதான் முழு ஆட்சியதிகாரம் அவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் மாதவராவ் திவான் பதவியை விட்டுப் போனார். பழைய திவானுக்கும் இளம் ராஜாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆக, தஞ்சாவூர்ப் பேச்சுத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரும் அந்த ஊரில் இல்லாமல் போனார். ராணி கோஷாவில். வெளியே முகம் காட்டுவதில்லை. இதற்குள் குழந்தைகள். 1881-க்கும் 1883-க்கும் இடையில் மூன்று பிரசவம். பாஜுபாய், புத்லாபாய் என்று இரண்டு பெண்கள், பிறகு 1883 ஆகஸ்டில் ஃபதேசிங்ராவ் என்ற பையன். பெண் குழந்தைகள் இருவரும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள்.

தாயைப் பிடித்தது காசநோய். ராபர்ட் காக் ஜெர்மனியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882-இல். ஆனால் நோயைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது வருஷம் இருந்தது. அடுத்தடுத்த பிரசவமும், காற்றோட்டம் குறைந்த அந்தப்புரமும் அந்த நோய்க்கு எவ்வளவு சாதகம் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1885 மே 7-ஆம் தேதி மகாராணி இறந்தார். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். பையனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

அதே ஆண்டுகளில்தான் பம்பாயில் ருக்மாபாய் வழக்கு நடந்தது. பதினொரு வயதில் கலியாணமான பெண், வளர்ந்த பிறகு புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நின்றாள். ஊரே இரண்டுபட்டது. சாயாஜிராவ் பின்னாளில், 1904-இல், பரோடாவில் பால்ய விவாகத் தடைச் சட்டம் கொண்டுவந்தார். பெண்களுக்கும் சேர்த்துக் கட்டாயக் கல்வியை 1906-இல் ராஜ்யம் முழுவதும் விரித்தார். இவற்றுக்குக் காரணம் முதல் மனைவியின் மரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது கதை கட்டுவதாகும். ஆனால் அந்தச் சட்டங்களில் கையெழுத்திட்டவர் இருபத்திரண்டு வயதில் மனைவியை இழந்தவர் என்பதை மறக்க வேண்டியதும் இல்லை.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1885 டிசம்பர் 28-ஆம் தேதி மறுமணம். பெண் தேவாஸ் பக்கத்துக் காட்கே குடும்பத்து கஜராபாய். அவருக்கும் பெயர் மாற்றினார்கள். என்ன பெயர்? சிம்னாபாய்.

எனக்கு இந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது. செத்துப்போனவளின் பெயரை வருகிறவளுக்கு வைப்பது அன்பா, அழிப்பா? அன்புதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. மனைவியை மறக்க முடியாத இளைஞன், தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட விரும்பினான் என்பார்கள். இருக்கலாம். இரண்டாவது மனைவியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் 1958 வரை, எழுபத்து மூன்று வருஷம், தான் கண்டிராத ஒரு பெண்ணின் பெயரைச் சுமந்தார். தன் சொந்தத் திறமையால் அந்தப் பெயருக்கு இந்தியா முழுவதும் மதிப்புத் தேடிக் கொடுத்தார். இந்தியப் பெண்களின் நிலை பற்றி 1911-இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார், கோஷாவை விட்டு வெளியே வந்தார். விளைவு, பெயர் முழுவதும் அவருடையதாகிவிட்டது. அவர்மேல் குற்றமில்லை. தஞ்சைப் பெண் முதலில் இலட்சுமிபாய் என்ற பெயரை இழந்தார், பிறகு சிம்னாபாய் என்ற பெயரையும் இழந்தார்.

சாயாஜிராவ் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் கால ராஜாக்கள் நாலைந்து மனைவி வைத்துக்கொள்வது சாதாரணம். தஞ்சை சிவாஜியே பல ராணிகளை விதவைகளாக விட்டுச் சென்றவர். சாயாஜிராவ் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கொள்ளவில்லை. முதல் மனைவியின் நினைவைக் கல்லிலும் வைத்தார். 1896-இல் திறந்த சிம்னாபாய் நியாய மந்திர் இந்தத் தஞ்சாவூர்ப் பெண்ணின் நினைவாகக் கட்டியதுதான். உள்ளே அவருடைய சலவைக்கல் சிலை. நெடுங்காலம் நீதிமன்றமாக இருந்தது, அண்மையில்தான் நீதிமன்றம் வேறு கட்டடத்துக்குப் போனது. ராவ்புரா மணிக்கூண்டும் அவர் பெயரில்தான்.

பெரிய அரண்மனைக்கோ அவருடைய பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறார்கள். லக்ஷ்மி விலாஸ். பக்கிங்காம் அரண்மனையைவிட நாலு மடங்கு பெரிசு என்று கைடு சொல்வார். நான் அளந்து பார்க்கவில்லை. மேஜர் மான்ட் தொடங்கி, அவர் 1881-இல் இறந்தபின் சிஷோம் முடித்தார். சென்னையில் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம். வேலை முடிந்தது 1890-இல். எந்த இலட்சுமியின் பெயரோ அந்த இலட்சுமி அங்கே குடியேறவில்லை. போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அவர் மகன் ஃபதேசிங்ராவும் நெடுநாள் இருக்கவில்லை. 1908 செப்டம்பரில், இருபத்தைந்து வயதில் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்பு, ஜூனில், அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான், பிரதாப்சிங்ராவ். இரண்டாம் சிம்னாபாயின் மக்களில் மூத்த இருவரும் தந்தைக்கு முன்பே போய்விட்டார்கள். 1939 பிப்ரவரி 6-ஆம் தேதி, இதே பம்பாயில், சாயாஜிராவ் கண்ணை மூடியபோது சிம்மாசனம் தஞ்சாவூர்ப் பெண்ணின் பேரனுக்கு வந்தது. 1949-இல் தாத்தாவின் பெயரில் பரோடாவில் பல்கலைக்கழகத்தை அமைத்தவர் அந்தப் பேரன்தான்.

இனி அந்த ஆடும் பெண்களுக்கு வருவோம். ராணி போனபிறகு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அரண்மனையில் கலைஞர்களுக்கென்று இருந்த கலாவந்த் கார்கானா என்ற இலாகாவில் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பாட்டுக்காரர், மல்யுத்தக்காரர் எல்லோருக்கும் அங்கே சட்டதிட்டம் உண்டு. சதிரும் பதமும் ஆடிய கௌராவும் காந்திமதியும் பரோடாவிலேயே வாழ்ந்தார்கள். குஜராத்தி வாயில் அவர்கள் குடும்பத்துக்குத் தஞ்சோர்கர் என்றே பட்டப்பெயர் நிலைத்தது. காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் நட்டுவனாராகி, அந்தப் பேரன் அமைத்த பல்கலைக்கழகத்திலேயே பரதம் சொல்லிக் கொடுத்தார். நம் மாதுங்காவில் திருவிடைமருதூர் நட்டுவனார்கள் ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது 1945-இல். அதற்கு அறுபத்தைந்து வருஷம் முன்பே ஒரு தஞ்சாவூர்க் கூட்டம் சலங்கையோடு பம்பாயைத் தாண்டிப் போயிருந்தது. கூட்டிக்கொண்டு போனவள் ஒரு பதினைந்து வயதுக் கலியாணப் பெண்.