மத்தாப்பின் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

திருத்தங்கல் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் புழங்கும் அலுமினியத் தூள், தீப்பட்டால் ஏன் கண் கூச எரிகிறது?

அலுமினிய அணுவில் 13 எலெக்ட்ரான்கள். 2, 8, 3 என அடுக்கு. கடைசி மூன்றையும் இழந்தால், எட்டு நிறைந்த உள்ளடுக்கே வெளியடுக்காகிவிடும், அது நிலையானது. ஆக்சிஜனின் வெளியடுக்கில் ஆறுதான், இன்னும் இரண்டு வேண்டும். எனவே இரண்டு அலுமினிய அணுக்கள் விடும் ஆறு எலெக்ட்ரான்களை மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இழுத்துக்கொள்கின்றன. நேர்மின், எதிர்மின் அயனிகள் இறுகப் பற்றி அலுமினியம் ஆக்சைடு ஆகின்றன. பிணைப்பு இறுக இறுக ஆற்றல் வெளியேறும். அந்தச் சூட்டில்தான் துகள்கள் வெண்ணிறமாக ஒளிர்கின்றன.

மத்தாப்பு எரியும் வேகத்துக்குக் காற்று போதாது. ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அற்புதமான பொருள்! பொட்டாசியம் தன் ஒற்றை வெளி எலெக்ட்ரானைக் கொடுத்தே விட்டது. நைட்ரஜனும் ஆக்சிஜனுமோ எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சூடேறினால் அந்தப் பங்கீடு முறிந்து ஆக்சிஜன் விடுபடும்.

பச்சை மத்தாப்புக்குப் பேரியம் நைட்ரேட் சேர்த்து வந்தார்கள். நைட்ரேட் பகுதி அதேதான், உலோகம்தான் வேறு. பட்டாசுகளில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது.

முதல் சில பிணைப்புகளை முறிக்கத்தான் வெளிச்சூடு தேவை. பிறகு எரிதலே அந்தச் சூட்டைக் கொடுக்கும். வெடிமருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வே அந்த முதல் சூட்டுக்குப் போதும்.